அயர்லாந்து பிரிவி கவுன்சில்: உறுப்பினர் பட்டியலை எப்படி வாசிப்பது?

சுவடிப்பெட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அயர்லாந்து பிரிவி கவுன்சிலின் உறுப்பினர்களைப் பற்றித் தமிழில் ஒரு விரிவான கட்டுரை எழுத முயன்று வருகிறேன். பெயர்களைத் தொகுத்து முடிப்பதற்குள்ளாகவே ஒரு பெரிய ஐயம் எழுந்துவிட்டதால், அதை இங்கே வைக்கிறேன்.

பிரிவி கவுன்சில் என்றவுடன் நம்மவர்களுக்கு லண்டன் நினைவுக்கு வருகிறது. 1949 வரை இந்தியாவிலிருந்தும் 1971 வரை இலங்கையிலிருந்தும் மேல்முறையீடுகள் சென்றது அங்கேதான். நான் பேசுவது அதுவன்று. டப்ளின் கோட்டையை மையமாகக் கொண்டு, அயர்லாந்தில் ஆங்கில மன்னரின் பிரதிநிதியாக இருந்த லார்ட் லெப்டினன்டுக்கு ஆலோசனை கூறிய தனி மன்றம் அது. அதன் வேர் இடைக்காலத்தில் இருக்கிறது. 1922இல் ஐரிஷ் சுதந்திர நாடு உருவானபோது அதன் பணிகள் நின்றுபோயின.

நூற்றாண்டுகளைக் கடந்து நீளும் இந்தப் பட்டியலில் மூன்று வகையான மனிதர்கள் கலந்து கிடக்கிறார்கள். பதவியின் காரணமாக உள்ளே வந்தவர்கள் முதல் வகை. லார்ட் சான்சலர் (சட்டத்துறையின் தலைவர்), தலைமைச் செயலர், அட்டர்னி ஜெனரல், தலைமை நீதிபதிகள், படைத்தலைவர் ஆகியோருடன், அரசின் திருச்சபையாக ஆங்கிலிக்கன் சபை இருந்த காலம் வரை அர்மா, டப்ளின் பேராயர்களும் இதில் அடங்குவர். நிலமும் குடும்பமும் செல்வாக்கும் இருந்ததால் கௌரவமாக அழைக்கப்பட்ட பிரபுக்கள் இரண்டாம் வகை. ஒரு கட்சிக்கோ ஆட்சிக்கோ செய்த உதவிக்குப் பரிசாக இடம் பெற்றவர்கள் மூன்றாம் வகை. மூவருக்கும் பெயருக்கு முன்னால் 'ரைட் ஆனரபிள்' என்ற ஒரே அடைமொழிதான் நிற்கிறது. பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு ஒவ்வொரு வாரமும் கோட்டைக்கு வந்து கோப்பு பார்த்தவரும், பதவியேற்ற நாளுக்குப் பிறகு அந்த அறையின் வாசலையே மிதிக்காதவரும் ஒன்றுபோலத் தெரிவார்கள்.

பெயர்ப்பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, மன்றம் வெளியிட்ட ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்திட்டவர் யார் என்று பார்த்துச் செல்வதுதான் சரியான வழி என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பழைய முத்திரை எழுதியது:

ஐயா, நீதிமன்ற அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தாளின் அடியில் இருக்கும் கையெழுத்தைப் பாருங்கள் என்று நீங்கள் சொன்னது என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான பேச்சு. ஆனால், அந்தக் கையெழுத்துக்கு என்ன அதிகாரம் இருந்தது என்பதை முதலில் விளக்காவிட்டால், உறுப்பினர்கள் வெறும் அலங்காரப் பொம்மைகள் என்று வாசகர் எண்ணிவிடுவார்.

1494 டிசம்பரில் சர் எட்வர்ட் பாய்னிங்ஸ் டிராகெடா நகரில் கூட்டிய பாராளுமன்றம் ஒரு சட்டத்தை இயற்றியது. அயர்லாந்தில் பாராளுமன்றம் கூட வேண்டுமானால், அதில் நிறைவேற்றப்போகும் மசோதாக்களை அயர்லாந்திலுள்ள மன்னரின் கவுன்சில் முன்கூட்டியே முத்திரையிட்டு இங்கிலாந்துக்கு அனுப்பி, அங்கு மன்னரும் அவருடைய கவுன்சிலும் ஒப்புதல் தந்து திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். பாய்னிங்ஸ் சட்டம் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதற்கு ஒரு நடைமுறை உருவானது. பாராளுமன்ற உறுப்பினர்கள் மசோதாவின் முன்வரைவை 'தலைப்புகள்' என்ற பெயரில் எழுதி லார்ட் லெப்டினன்டிடம் கொடுப்பார்கள். அது பிரிவி கவுன்சிலுக்குப் போகும். கவுன்சில் அதை முறையான மசோதாவாக எழுதலாம், சொற்களை மாற்றலாம், பிடிக்காவிட்டால் அங்கேயே கிடத்திவிடலாம். தப்பிப் பிழைத்தது அயர்லாந்தின் பெரிய முத்திரையோடு கடல் கடக்கும். லண்டனிலும் மாற்றங்கள் நடக்கலாம். திரும்பி வந்த பிறகு டப்ளின் பாராளுமன்றத்தால் ஒரு சொல்லையும் திருத்த முடியாது. முழுமையாக ஏற்கலாம், அல்லது முழுமையாகத் தள்ளலாம்.

அலுவலகத்தில் வேலை பார்த்தவனுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். வரைவு எந்த மேசையில் தங்குகிறதோ அந்த மேசைக்குத்தான் அதிகாரம். மக்களவையில் நாள் முழுவதும் முழங்கியவரைவிட, அந்த வரைவைக் கையில் வைத்துக்கொண்டு மௌனமாக இருந்த கவுன்சிலருக்கே வலு அதிகம். 1782இல் பேரி யெல்வர்டன் கொண்டுவந்த சட்டம் நிறைவேறும் வரை இந்த நிலை நீடித்தது. அந்தச் சட்டம் கவுன்சிலின் திருத்தும், தடுக்கும் அதிகாரத்தை நீக்கியது. ஆகவே, 1782க்கு முன்னால் இருந்த உறுப்பினரையும் பின்னால் வந்த உறுப்பினரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது என்பது என் கருத்து.

தென்கரை வாசகி எழுதியது:

இருவருக்கும் நன்றி. எனக்கு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவது, இந்த உறுப்பினர்களில் எத்தனை பேரை ஐரிஷ்காரர்கள் என்று சொல்ல முடியும்? இரண்டாவது, சென்னை ஆளுநராக இருந்த ஹோபர்ட் பிரபு இந்தக் கவுன்சிலில் இருந்தவர் என்று எங்கோ படித்தேன். ராயப்பேட்டையில் பெண்கள் பள்ளிக்குப் பெயர் தந்த அதே ஹோபர்ட்தானா அவர்?

சுவடிப்பெட்டி எழுதியது:

அம்மா, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்தக் குழப்பம் பலருக்கும் இருக்கிறது. ஹோபர்ட் என்ற பெயரில் சென்னைக்கு இரண்டு ஆளுநர்கள் வந்தார்கள். 1872 முதல் 1875 வரை இருந்து சென்னையிலேயே மறைந்தவர் பிற்காலத்தவர். அந்தப் பள்ளியின் பெயர் அவர் குடும்பத்தோடு தொடர்புடையது. நம் விவாதத்துக்கு உரியவர் ராபர்ட் ஹோபர்ட். அவர் 1789 முதல் 1793 வரை அயர்லாந்தின் தலைமைச் செயலராகவும் அந்தப் பதவியின் வழியாகப் பிரிவி கவுன்சில் உறுப்பினராகவும் இருந்தவர். 1794இல் சென்னை ஆளுநராக வந்து 1798 வரை இருந்தார். இலங்கையின் கடற்கரைப் பகுதிகளை டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றியது அவர் காலத்தில்தான்.

அவருக்கு முன்னரே இன்னொருவரும் இதே வழியில் வந்திருக்கிறார். ஜார்ஜ் மக்கார்ட்னி ஆண்ட்ரிம் மாவட்டத்தில் பிறந்தவர். 1769இல் அயர்லாந்தின் தலைமைச் செயலராகிக் கவுன்சிலில் இடம் பெற்றார். 1781இல் புனித ஜார்ஜ் கோட்டைக்கு ஆளுநராக வந்து, அதே ஆண்டின் இறுதியில் ஆர்க்காடு நவாபிடமிருந்து கர்நாடக வருவாயைக் கம்பெனியின் கைக்கு மாற்றும் ஒப்பந்தத்தைச் செய்தவர் இவர்.

மக்கார்ட்னி தலைமைச் செயலராகப் பொறுப்பேற்ற ஆண்டிலேயே, பழைய முத்திரை ஐயா விளக்கிய அந்த நடைமுறை பெரிய மோதலாக வெடித்தது. புதிய பாராளுமன்றம் கூடும்போது, கூட்டுவதற்கான காரணமாகக் கவுன்சிலே சில மசோதாக்களை எழுதி அனுப்ப வேண்டும். அவற்றுள் ஒன்று வரி மசோதாவாக இருப்பது வழக்கம். 1769 நவம்பரில் மக்களவை அந்த வரி மசோதாவைத் தள்ளிவிட்டது. வரியின் அளவு அவர்களுக்குப் பொருட்டில்லை. மசோதா தங்கள் அவையில் பிறக்கவில்லை என்பதையே காரணமாகத் தீர்மானத்தில் எழுதினார்கள். லார்ட் லெப்டினன்ட் டவுன்ஷெண்ட் டிசம்பர் 26 அன்று எதிர்ப்புரை வாசித்துவிட்டு அவையை ஒத்திவைத்தார். 1692இல் சிட்னி பிரபுவின் காலத்திலும் ஏறக்குறைய இதே காரணத்துக்காக இதே காட்சி நடந்திருந்தது.

முதல் கேள்வி கடினமானது. பிறப்பை வைத்துப் பார்த்தால் பெரும்பாலோர் அயர்லாந்தில் பிறந்தவர்களே. மக்கார்ட்னியே அங்கு பிறந்தவர்தான். ஆனால் தலைமைச் செயலர் போன்ற முக்கியப் பதவிகளுக்கும் பேராயர் பதவிகளுக்கும் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து ஆள் வந்தது. ஹோபர்ட் ஆங்கிலேயர். இந்த விவாதத்தில் பிறப்பிடத்தைவிட மதத்துக்கு எடை அதிகம். அதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

நெல்லை ஆசிரியர் எழுதியது:

மதத்தைப் பற்றி வேறொருவர் எழுதட்டும். கையெழுத்து என்று பேச்சு வந்ததால், பல ஆண்டுகளாக என் மனத்தில் இருக்கும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல விரும்புகிறேன்.

1722இல் வில்லியம் வுட் என்ற ஆங்கில வணிகருக்கு அயர்லாந்துக்கான செப்புக் காசுகளை அடித்துத் தர உரிமம் வழங்கப்பட்டது. நாட்டின் பாராளுமன்றத்தைக் கேட்காமல், ஒரு தனிமனிதரின் லாபத்துக்காகக் காசைத் திணிக்கிறார்கள் என்று டப்ளின் கொதித்தது. புனித பேட்ரிக் தேவாலயத்தின் தலைவராக இருந்த ஜானதன் ஸ்விஃப்ட், ஒரு துணி வியாபாரி எழுதுவது போன்ற புனைபெயரில் கடிதங்களை வெளியிட்டார். அவற்றில் நான்காவது கடிதம் காசைத் தாண்டிப் போய், அயர்லாந்து மக்கள் இங்கிலாந்து மக்களைப் போலவே உரிமை உடையவர்கள் என்ற இடத்தைத் தொட்டுவிட்டது.

புதிய லார்ட் லெப்டினன்ட் கார்ட்டரெட் டப்ளினில் வந்து இறங்கிய நேரம் அது. 1724 அக்டோபர் 27 அன்று கவுன்சில் கூடி, அந்தக் கடிதத்தை எழுதியவரைக் கண்டுபிடித்துத் தருபவருக்கு 300 பவுண்டு பரிசு என்று பிரகடனம் வெளியிட்டது. எழுதியவர் யாரென்று அந்த அறையில் இருந்தவர்களுக்கும் தெரியும், தெருவில் நடந்தவர்களுக்கும் தெரியும். பரிசைக் கேட்டு ஒருவரும் வரவில்லை.

இப்போது கையெழுத்துகளைப் பாருங்கள். லார்ட் சான்சலர் மிடில்டன் வுட் காசை வெளிப்படையாக எதிர்த்தவர். இருந்தும் அவர் கையெழுத்திட்டார். டப்ளின் பேராயர் வில்லியம் கிங் கையெழுத்திட மறுத்தார். இருவரும் ஒரே கவுன்சிலின் உறுப்பினர்கள். காசைப் பற்றி இருவரின் கருத்தும் ஒன்றே. தாள் முன்னால் வந்தபோது ஒருவர் பேனாவை எடுத்தார், மற்றவர் எடுக்கவில்லை. மிடில்டனைக் கோழை என்று நான் சொல்லமாட்டேன். சட்டத்துறையின் தலைமைப் பதவியில் இருந்தவருக்கு, அச்சிட்ட கடிதம் அரசின் அதிகாரத்தையே கேள்வி கேட்கும்போது வேறு கடமை இருந்திருக்கலாம். ஸ்விஃப்ட்டும் பிறகு அவருக்கே ஒரு கடிதம் எழுதித் தம் நியாயத்தை முன்வைத்தார். அச்சுக்காரர் ஜான் ஹார்டிங் கைதானார். ஆனால் டப்ளின் ஜூரி குழு அந்தக் கடிதங்களைக் குற்றமென்று சொல்ல மறுத்தது. 1725இல் வுட்டின் உரிமம் திரும்பப் பெறப்பட்டது.

உறுப்பினர் பட்டியலில் கிங், மிடில்டன் என்ற இரண்டு பெயர்களும் அருகருகே இருக்கும். அவர்களுக்கு இடையில் இருந்த தூரம் அந்த ஒரு தாளில்தான் தெரிகிறது.

பழைய முத்திரை எழுதியது:

ஆசிரியர் ஐயாவின் பதிவு நெஞ்சைத் தொட்டது. ஆனால் கிங் போன்றவர்களை முன்னிறுத்தும்போது ஓர் ஆபத்து இருக்கிறது. மறுத்தவர் நினைவில் நிற்கிறார், மறுக்காதவர்கள் மறைந்துபோகிறார்கள். ஆட்சி நடந்தது மறுக்காதவர்களைக் கொண்டுதான். ஆகவே மறுக்காத ஏழு பேரைப் பற்றி எழுதுகிறேன்.

1843ஆம் ஆண்டு முழுவதும் டேனியல் ஓகானல் அயர்லாந்தின் பல இடங்களில் மாபெரும் கூட்டங்களை நடத்தினார். 1801இல் நடைமுறைக்கு வந்த இணைப்புச் சட்டத்தை நீக்கி, டப்ளினுக்குப் பாராளுமன்றத்தைத் திரும்பக் கொண்டுவருவது அவர் கோரிக்கை. அந்த வரிசையில் கடைசிக் கூட்டம் அக்டோபர் 8, ஞாயிற்றுக்கிழமை, டப்ளினை ஒட்டிய கிளான்டார்ஃபில் நடைபெற வேண்டும். முதல் நாள் சனிக்கிழமை, அக்டோபர் 7, பகல் சாயும் நேரத்தில், கூட்டத்தைத் தடை செய்யும் பிரகடனம் வெளியானது. லார்ட் லெப்டினன்டாக இருந்த டி கிரே பிரபுவும் கவுன்சிலும் சேர்ந்து வெளியிட்டது அது. தொலைவிலிருந்து கால்நடையாகப் புறப்பட்ட மக்கள் அதற்குள் வழியில் இருந்தார்கள். ஓகானல் ரத்தம் சிந்துவதைத் தவிர்க்க நினைத்துக் கூட்டத்தைக் கைவிட்டு, வரும் வழிகளிலெல்லாம் ஆட்களை அனுப்பி மக்களைத் திருப்பினார்.

அந்தப் பிரகடனத்தின் அடியில் ஏழு பெயர்கள் உள்ளன. முதல் பெயர் சக்டன், லார்ட் சான்சலர், ஓகானலை மாஜிஸ்திரேட் பொறுப்பிலிருந்து அதே ஆண்டில் நீக்கியவர். அடுத்தது டோனஃமோர் பிரபு. மூன்றாவது எலியட்; தலைமைச் செயலர். நான்காவது பிளாக்பர்ன், மாஸ்டர் ஆஃப் தி ரோல்ஸ் என்ற நீதிப் பதவியில் இருந்தவர், அதற்கு முன் அட்டர்னி ஜெனரலாக இருந்து ஓகானலோடு மோதியவர். ஐந்தாவது பிளேக்னி, படைத்தலைவர். ஆறாவது ஃபிரெடரிக் ஷா. டப்ளின் நகரின் ரெக்கார்டர் என்ற நீதிபதியாகவும் அதே நேரத்தில் டப்ளின் பல்கலைக்கழகத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். ஏழாவது டி. பி. சி. ஸ்மித், அட்டர்னி ஜெனரல்.

ஏழு பெயர்களையும் பதவியோடு சேர்த்துப் படித்தால், நம் கண்ணுக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நிர்வாகம், படை, நீதி, வழக்குத் தொடுப்பு ஆகிய நான்கும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கின்றன. ஒரு வாரம் கழித்து ஓகானல் கைது செய்யப்பட்டார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் நடந்த வழக்கை அரசின் சார்பில் நடத்தியவர் அதே ஸ்மித். தடை விதிக்கும் தாளில் கையெழுத்திட்டவரே வழக்கையும் நடத்தினார் என்பதை, முப்பது ஆண்டுகள் நீதிமன்றத்தில் இருந்த என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தக் காலத்து முறை அதுதான் என்று சொல்லலாம். அப்படியென்றால் அந்தக் காலத்து முறையே தவறு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த வழக்கின் தண்டனையை 1844 செப்டம்பரில் லண்டனில் பிரபுக்கள் சபையே ரத்து செய்தது.

அந்த ஏழு பேரில் டோனஃமோர் பிரபுவைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1816இல் இளம் இராணுவ அதிகாரியாகப் பாரிஸில் இருந்தபோது, மரண தண்டனை பெற்றுச் சிறையிலிருந்து தப்பிய லவலெட் பிரபுவை எல்லை கடத்த உதவி, அதற்காகப் பிரான்சில் சிறையும் சென்றவர் அவர். இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய கையெழுத்து இந்தத் தடையின் அடியில் இருக்கிறது. பட்டியலில் 'பிரபு' என்ற ஒரே சொல்லாகக் கிடப்பவருக்குள் இத்தனை வாழ்க்கை இருக்கிறது.

கரிசல் நிலவு எழுதியது:

மதம் பற்றிச் சுவடிப்பெட்டி அவர்கள் கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நாட்டில் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர். ஆனால் கவுன்சிலில் இடம் பெறுவதற்கு எடுக்க வேண்டிய உறுதிமொழிகள் கத்தோலிக்கரால் எடுக்க முடியாதவை. இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில், 1686இல், இந்தக் கதவு சிறிது காலம் திறந்தது. டைர்கானல் பிரபு உள்ளிட்ட கத்தோலிக்கர்கள் கவுன்சிலுக்குள் வந்தார்கள். 1690க்குப் பிறகு கதவு மீண்டும் மூடிக்கொண்டது. ஹோபர்ட் மக்களவையில் கொண்டுவந்த 1793ஆம் ஆண்டின் நிவாரணச் சட்டம் கத்தோலிக்கருக்கு வாக்குரிமை கொடுத்தது. பாராளுமன்றத்தில் அமரும் உரிமையையும் பிரிவி கவுன்சில் உறுப்பினராகும் உரிமையையும் கொடுக்கவில்லை. சென்னைக்கு ஆளுநராக வந்தவரின் கையால் பாதி திறந்த கதவு அது. 1829ஆம் ஆண்டுச் சட்டம்தான் மீதியைத் திறந்தது. அப்போதும் லார்ட் சான்சலர் பதவிக்கு இருந்த தடை 1867 வரை நீடித்தது. அடுத்த ஆண்டில் தாமஸ் ஓஹேகன் அந்தப் பதவிக்கு வந்தார்.

இங்கே நான் பெரிதும் மதிக்கும் ஒருவர் இருக்கிறார். அவர் உறுப்பினராகவே ஆகவில்லை. டப்ளினின் கத்தோலிக்கப் பேராயர் டேனியல் மரே மென்மையான மனிதர். அரசோடு மோதாமல் ஒத்துப்போக வேண்டும் என்று நினைத்தவர். அதற்காகத் தம் சபைக்குள்ளேயே கண்டனங்களைப் பெற்றவர். 1846இல், பஞ்சம் நாட்டை வாட்டிக்கொண்டிருந்த காலத்தில், அவருக்குப் பிரிவி கவுன்சிலில் இடம் தர அரசு முன்வந்தது. அவர் மறுத்துவிட்டார். அரசை வெறுத்தவர் மறுத்திருந்தால் அதில் வியப்பில்லை. அரசோடு இணங்கிப் போக விரும்பியவரே அந்த நாற்காலியை மட்டும் வேண்டாம் என்றார். அந்த அறையில் போய் அமர்ந்தால் தம் மக்களிடம் என்ன பெயர் வரும் என்பதை அவர் அறிந்திருந்தார் என்று நான் எண்ணுகிறேன்.

சுவடிப்பெட்டி அவர்களே, உங்கள் கட்டுரையில் மறுத்தவர்களுக்கும் ஓர் இடம் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தென்கரை வாசகி எழுதியது:

உறுப்பினராக இருப்பது பாதுகாப்பைத் தந்ததா? ஒருமுறை உள்ளே போனவர் வாழ்நாள் முழுவதும் உறுப்பினர்தானா?

நெல்லை ஆசிரியர் எழுதியது:

அம்மா, பொதுவாக வாழ்நாள் முழுவதும்தான். ஆனாலும் மன்னர் பெயரால் கொடுக்கப்பட்டது மன்னர் பெயரால் எடுக்கப்படலாம். ஹென்றி கிராட்டன் 1782இன் சட்டமன்ற விடுதலைக்கு முகமாக இருந்தவர். 1783இல் கவுன்சிலில் உறுப்பினரானார். 1798 கிளர்ச்சிக்குப் பிறகு, அந்தக் கிளர்ச்சியை நடத்திய ஐக்கிய ஐரிஷ் அமைப்பினரோடு அவருக்குத் தொடர்பு இருந்தது என்ற வாக்குமூலத்தின் பேரில் அவர் பெயர் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டது. டிரினிட்டி கல்லூரி தன் சுவரிலிருந்த அவருடைய ஓவியத்தையும் இறக்கியது. குற்றம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. பின்னர் 1806இல் அவருக்கு இடம் திரும்பக் கிடைத்தது. வெறும் பட்டியலில் '1783' என்ற ஓர் ஆண்டு மட்டும் இருக்கும். நடுவில் இருந்த அந்த எட்டு ஆண்டு வெற்றிடம் தெரியாது.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பின்னோக்கிப் போக வேண்டும். 1630களில் தாமஸ் வென்ட்வொர்த் அயர்லாந்தை ஆண்டபோது, துணைப் பொருளாளராக இருந்த மவுன்ட்நோரிஸ் பிரபு கவுன்சிலின் மூத்த உறுப்பினர். வென்ட்வொர்த்துக்குக் காலில் கீல்வாதம் இருந்தது. மவுன்ட்நோரிஸின் உறவினரான ஒரு பணியாளர் ஒரு நாள் அந்த வலிக்கும் காலின் மேல் முக்காலியைப் போட்டுவிட்டார். லார்ட் சான்சலர் லாஃப்டஸ் வீட்டு விருந்தில் இந்தப் பேச்சு எழுந்தபோது, வென்ட்வொர்த் முன்பு அந்த இளைஞரை அவமதித்ததற்கு இது பழியாக இருக்கலாம் என்ற பொருளில் மவுன்ட்நோரிஸ் ஏதோ சொன்னார். விருந்து மேசையில் சொன்ன அந்தச் சொல் மாதங்கள் கழித்து வென்ட்வொர்த்தின் காதில் குற்றமாக வளர்ந்தது. மவுன்ட்நோரிஸ் படையிலும் கேப்டனாக இருந்ததால், 1635 டிசம்பரில் அவரை இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தி மரண தண்டனை விதித்தார்கள். தண்டனை நிறைவேற்றப்படவில்லை; ஆனால் பதவி போயிற்று. விருந்து கொடுத்த லாஃப்டஸும் 1638இல் பதவி இழந்து காவலில் வைக்கப்பட்டார்.

1641இல் லண்டனில் வென்ட்வொர்த் மீது பாராளுமன்றம் குற்றம் சாட்டியபோது, மவுன்ட்நோரிஸ் விவகாரமும் அந்தக் குற்றச்சாட்டுகளில் ஒன்றாக இருந்தது. அதே ஆண்டு மே 12 அன்று வென்ட்வொர்த் தலை துண்டிக்கப்பட்டது.

கரிசல் நிலவு எழுதியது:

ஆசிரியர் ஐயா, கவுன்சிலின் பிடி நகராட்சிகள் வரை நீண்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். 1672இல் வந்த புதிய விதிகளின்படி டப்ளின் உள்ளிட்ட நகரங்களின் மேயர் தேர்வுக்குக் கவுன்சிலின் ஒப்புதல் தேவைப்பட்டது. 1711க்குப் பிறகு, லார்ட் சான்சலர் கான்ஸ்டன்டைன் ஃபிப்ஸின் செல்வாக்கில் இருந்த கவுன்சில், டப்ளின் நகரவையின் மூத்த உறுப்பினர்களான ஆல்டர்மேன்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய மேயர்களைத் திரும்பத் திரும்ப நிராகரித்தது. 1714 ஆகஸ்டில் ராணி ஆன் மறைந்து ஆட்சி மாறி, ஃபிப்ஸ் பதவி இழந்த பிறகே அந்தப் பூசல் தீர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு வந்தால், 1883ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு சிற்றூருக்குக் குறும்பாதை ரயில் வருவதற்கும் கவுன்சிலின் ஆணை வேண்டியிருந்தது.

சுவடிப்பெட்டி எழுதியது:

எத்தனை செழிப்பான பதில்கள். உங்கள் எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

கையெழுத்துகளை வைத்து எழுதலாம் என்று நான் சொன்னபோது, ஒரு பெரிய இடையூறைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கவுன்சிலின் ஆவணங்கள் இரண்டு முறை எரிந்திருக்கின்றன. 1711இல் டப்ளினில் கவுன்சில் அறை இருந்த கட்டடம் தீப்பிடித்து, அதுவரை சேர்ந்திருந்த பதிவேடுகள் அழிந்தன. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், ஃபோர் கோர்ட்ஸ் என்ற டப்ளின் நீதிமன்ற வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தபோது மீதமிருந்தவற்றிலும் பெரும்பகுதி போயிற்று. எழுநூறு ஆண்டுகளின் தாள்கள் சாம்பலாகி டப்ளின் நகரத்தின் மேல் காற்றில் பறந்து விழுந்தன.

எஞ்சியவற்றுள் ஒன்று 1556 முதல் 1571 வரையிலான கவுன்சில் பதிவேடு. ராயல் ஐரிஷ் அகாடமியில் இருக்கும் அந்தப் பதிவேடு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சில் வந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு மட்டும் நமக்கு நேரடியாக உள்ளே பார்க்கும் சாளரம் கிடைத்திருக்கிறது. மற்ற காலங்களுக்கு, லண்டனுக்குச் சென்று அங்கே தங்கிவிட்ட கடிதங்களும், சுவரில் ஒட்டுவதற்காக அச்சிட்ட பிரகடனங்களும்தான் துணை. கிளான்டார்ஃப் பிரகடனத்தின் ஏழு பெயர்கள் நமக்குக் கிடைத்தது அது அச்சாகிப் பரவியதால்தான். அறைக்குள் நடந்த வாதங்களில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கப்போவதில்லை.

பழைய முத்திரை எழுதியது:

ஆவணம் எரிந்த செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. ஒரு கட்டுக்குள் கட்டி வைத்த தாளை எடுத்துத் தூசி தட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த இழப்பு தெரியும்.

கட்டுரைக்கு ஒரு யோசனை சொல்கிறேன். அட்டவணை போடுவதானால் பெயர், உறுப்பினரான ஆண்டு என்ற இரண்டோடு நிறுத்தாமல், எந்தப் பதவியின் வழியாக உள்ளே வந்தார், கிடைத்துள்ள எந்தத் தாளில் அவர் கையெழுத்து இருக்கிறது என்ற இரண்டு பத்திகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்து கிடைக்காத பெயருக்கு எதிரே கோடு போட்டுவிடுங்கள். அந்தக் கோடும் ஒரு செய்திதான்.

தென்கரை வாசகி எழுதியது:

1922இல் கவுன்சில் முறையாகக் கலைக்கப்பட்டதா? உறுப்பினர்கள் என்ன ஆனார்கள்?

சுவடிப்பெட்டி எழுதியது:

அம்மா, கலைத்ததாக எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வேலை போயிற்று, ஆகவே கூட்டமும் போயிற்று. கடைசி லார்ட் லெப்டினன்டான ஃபிட்ஸ்ஆலன் பிரபு கத்தோலிக்கர். 1921இல்தான் அந்தப் பதவிக்குக் கத்தோலிக்கர் ஒருவர் வர முடிந்தது. அதே ஆண்டில் வடக்கு அயர்லாந்துக்குத் தனிப் பாராளுமன்றம் அமைந்தபோது, அதன் பிரதமர் ஜேம்ஸ் கிரெய்க்கும் அமைச்சர்களும் அயர்லாந்து பிரிவி கவுன்சிலில் உறுப்பினர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். சுதந்திர நாடு பிறந்த பிறகு, வடக்குக்கென்று வேறொரு பிரிவி கவுன்சில் ஏற்பட்டது. அதற்கும் 1973ஆம் ஆண்டுச் சட்டம் புதிய நியமனங்களை நிறுத்திவிட்டது.

பழைய கவுன்சிலின் உறுப்பினர்கள் தங்கள் அடைமொழியோடு வாழ்ந்து மறைந்தார்கள். வடக்கு அயர்லாந்து மக்களவையின் முதல் சபாநாயகராக இருந்து 1921இல் உறுப்பினரான ஹியூ ஓநீல், பிற்காலத்தில் ராத்கேவன் பிரபு, 1982 நவம்பரில் 99ஆம் வயதில் இறந்தார். கவுன்சில் கூடுவது நின்று அறுபது ஆண்டுகள் கடந்த பிறகும் அவர் பெயருக்கு முன்னால் அந்த அடைமொழி இருந்தது.

பழைய முத்திரை ஐயா சொன்ன நான்கு பத்திகளையும் ஏற்றுக்கொள்கிறேன். கரிசல் நிலவு கேட்டபடி மரே பேராயருக்கு அட்டவணைக்குக் கீழே தனி வரி ஒன்று இருக்கும். முதல் பகுதியாக 1724இன் பிரகடனத்தையும் 1843இன் பிரகடனத்தையும் எடுத்துக்கொண்டு பெயர்களை நிரப்பத் தொடங்குகிறேன். வரும் வாரத்துக்குள் வரைவை இங்கே இடுகிறேன். ஃபிரெடரிக் ஷாவின் இரட்டைப் பதவியைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதை அதற்குள் யாராவது யோசித்து வையுங்கள்.